அம்மாயியின் ஞானஸ்நானச் சீட்டு

பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டுமென்று நம் பங்குத்தந்தை அவர்கள் கேட்டபோது, கோவில் எழும்பிய வரலாற்றை எழுதப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் ஒரு மூதாட்டியின் வரலாற்றை எழுதுகிறேனே என்று விண்ணப்பித்துக்கொண்டேன். அவர்களும் மனமுவந்து இசைந்தார்கள். அந்த மூதாட்டி என் தாயைப் பெற்ற அம்மாயி. தொண்ணூறு வயதை எட்டியும் ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். அவரை இப்பங்கில் அறியாதவர் இல்லை. ஆனால் அவருடைய இளமைக் காலத்தை அவர் பெற்ற பிள்ளைகளும் அறியாமலேயே இருந்தோம்.

நம் பங்குக் குடும்பங்களில் பல, இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவை. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. சந்தையில் மூட்டை பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள் என்று என் தாத்தா சொல்வது வழக்கம். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு வந்த இரயிலுக்கு நம்மவர் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அங்கிருந்து இராமானுஜம் கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், பின்பு இந்த நீலகிரி. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்கென்று 1968-இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் நம் முன்னோர் மீண்டும் கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். இவ்வளவும் நாம் அறிந்ததே.

அம்மாயியின் தகரப் பெட்டியில் இருந்தவை இரண்டே காகிதங்கள். ஒன்று பழைய கடவுச்சீட்டு, மற்றது குடும்ப அட்டை. இரண்டிலும் அவர் தாத்தாவின் மனைவி, அவ்வளவுதான். பிறந்த ஆண்டு இருந்தது. நாளும் மாதமும் இல்லை. "உங்கள் அப்பாவின் ஊர் எது, அம்மாயி?" என்றால், "திருச்சிப் பக்கம்" என்பார். திருச்சியில் எந்த ஊர் என்றால் பேச்சை மாற்றிவிடுவார். தாயைப் பற்றிக் கேட்டால் அதுவும் இல்லை. "நான் சிறுசா இருக்கையிலே போயிட்டாங்க. லயத்துப் பெரியம்மாதான் என்னை வளர்த்தாங்க" என்பதோடு முடிந்துவிடும்.

அரசாங்கக் காகிதம் கைவிட்ட இடத்தில் கோவில் புத்தகம் கைகொடுக்கும் என்று எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற நம் உபதேசியார் ஒருவர். கோவில்களில் ஞானஸ்நானமும் திருமணமும் ஏட்டில் எழுதப்பட வேண்டுமென்பது 1563-இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் விதித்தது. ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், தாய் தந்தையர், ஞானப் பெற்றோர், குருவின் கையொப்பம் ஆகிய எல்லாம் இருக்கும். தோட்டத்துத் துரைக்கு அவள் செக்ரோலில் ஒரு பேர். கங்காணிக்கு ஓர் ஆள். சுவாமியாருக்கு மட்டும் அவள் இன்ன தாய்க்குப் பிறந்த பிள்ளை.

ஆனால் தேடுவது எளிதன்று. மலையகம் கண்டி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1886 முதல் மறைமாவட்டமாக விளங்கிய அதில் சில்வெஸ்திரின் சபைத் துறவிகள் நெடுங்காலம் உழைத்தார்கள். தோட்டங்கள் பல, குருக்கள் சிலர். ஒரு தோட்டத்துக் குழந்தையின் பெயர் பல மைல் தொலைவிலுள்ள தாய்ப் பங்கின் ஏட்டில் இருக்கும். தோட்டத்துக்கோ இரண்டு பெயர், காகிதத்தில் ஆங்கிலப் பெயர், சனங்கள் வாயில் தமிழ்ப் பெயர். ஆட்களின் பெயரும் அப்படியே. பழைய ஏடுகளில் குருக்கள் இலத்தீனில் எழுதியதுண்டு. நாம் இராயப்பன் என்றால் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ். இதை அறியாமல் 'இராயப்பன்' என்று தேடிக்கொண்டிருந்தால் உலகம் முடியும் மட்டும் கிடைக்காது.

ஹட்டன் பக்கத்தில் இன்றும் வாழும் உறவினர் ஒருவர் மூலம் பங்குக்குருவுக்கு எழுதினோம். இரு முறை 'அத்தகைய பதிவு இல்லை' என்றே பதில். மூன்றாம் முறை வயதை நான்கைந்து ஆண்டு முன்பின்னாகப் பார்க்கக் கேட்டுக்கொண்டோம். தோட்டத்தில் பேர் பதிவதற்காகப் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்வது அந்நாளைய வழக்கம். அரை வயிற்றுக் கஞ்சிக்கு அது வேண்டியிருந்தது. நினைத்தது சரியாயிற்று. நான்கு ஆண்டு தள்ளி அம்மாயியின் பெயர் கிடைத்தது, பிறந்த நாளும் மாதமும் உட்பட. அரசாங்கக் கணக்குப்படி நான்கு வயது மூத்தவராகவே அவர் வாழ்ந்திருக்கிறார். பிறந்த தோட்டமும் நாங்கள் நினைத்திருந்த தோட்டம் அன்று.

அதிலிருந்து பெற்றோரின் திருமணப் பதிவுக்குப் போனோம். மணமகன் எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று அதில் எழுதியிருந்தது. திருச்சிப் பக்கத்துக் கோவிலை எதிர்பார்த்தோம். எழுதியிருந்ததோ அதே மலையகத்துப் பங்கு! உடனே நம்ப முடியவில்லை. 1908-இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டம் ஒன்றுண்டு. ஒருவர் திருமணம் செய்தால், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, அங்குள்ள பதிவின் ஓரத்தில் திருமண விவரத்தைக் குறிக்க வேண்டும். ஒரே மனிதர் இரண்டு முறை மணமுடிக்காமல் காப்பதே அதன் நோக்கம். அந்த ஓரக் குறிப்பு எங்களுக்குச் சாட்சியாயிற்று. என் பூட்டனாரின் ஞானஸ்நானப் பதிவின் பக்கத்தில், பூட்டியின் பெயரும் திருமண நாளும் வேறொரு குருவின் கையெழுத்தில் தெளிவாக இருந்தன. அவர் இலங்கையில் பிறந்தவரே. திருச்சியிலிருந்து கப்பலேறியவர் அவருடைய தகப்பனார்.

இதில் என்ன வந்துவிட்டது என்று வாசகர் கேட்கலாம். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அச்சட்டம் அமுலுக்கு வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவர், தம் தகப்பனாரும் இலங்கையில் பிறந்தவரானால் வம்சாவளிப்படி இலங்கைக் குடிமகன். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவில்லை. இதன்படி பூட்டனாருக்கு உரிமை இல்லை, அவர் தகப்பனார் இந்தியாவில் பிறந்ததால். ஆனால் அம்மாயிக்கு உண்டு. அந்த இரண்டு கோவில் பதிவுகளையும் அன்று யாராவது எடுத்துக் காட்டியிருந்தால், அவர் ஒரு நாளும் நாடற்றவர் அல்லர்.

யாரும் கேட்கவில்லை, யாரும் காட்டவுமில்லை. 1949-இல் வந்த மற்றொரு சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். உரிமை பெற்றவர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள் எந்தப் பத்திரத்தைக் கொண்டுபோவார்கள்? அங்கே தங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழியாக 2003-இல்தான் தனிச்சட்டத்தின் மூலம் விடிவு பிறந்தது.

இன்னொன்றும் உண்டு. அதை நினைக்கும்போதுதான் மனம் வருந்துகிறது. தோட்டத்தில் 'ஊர்' என்றால் பிறந்த இடமன்று. பாட்டன் விட்டுவந்த கிராமமே ஊர். லயத்துக் காம்பராவிலே பிறந்து கடலையே காணாத பிள்ளையும், ஊர் எது என்றால் திருச்சி, சேலம், புதுக்கோட்டை என்றே சொல்லும். பெரியவர்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வேரை மறக்கக் கூடாதென்ற நல்ல எண்ணம். உத்தியோகத்தர் முன் நின்றபோதும் நம்மவர் அதையே சொன்னார்கள். பாசத்தோடு சொன்னதை, நாங்கள் இந்த நாட்டார் அல்லர் என்ற வாக்குமூலமாக அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அம்மாயி தனித்து உரிமை பெற்றிருந்தாலும் தாத்தாவின் விண்ணப்பத்தோடு புறப்பட்டேயிருப்பார் என்பது என் எண்ணம். அன்றைய கணக்கில் குடும்பம் கணவன் வழியே எண்ணப்பட்டது. ஆகவே வாழ்க்கை வேறாயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடவுச்சீட்டு வாங்க வரிசையில் நின்ற அந்தப் பெண், தனக்கென்று ஒரு நாடு ஏட்டில் எழுதியிருப்பதை அறியாமல் நின்றாள் என்பது உண்மை.

கைப்பேசியில் வந்த படங்களை அம்மாயிக்குக் காட்டி, சட்டத்தையும் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அப்போ நான் அந்த ஊர்க்காரிதானா?" என்றார். பிறகு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஞானத்தாய்னு போட்டிருக்கியே, அந்தப் பேரை வாசி" என்றார். வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அது லயத்துப் பெரியம்மாவின் பெயர். 'பெரியம்மா' என்றே கூப்பிட்டு வளர்ந்ததால், அவருடைய ஞானஸ்நானப் பெயரை இந்த வயதில்தான் அம்மாயி முதன்முறை கேட்கிறார்.

வரும் நவம்பர் 2-ஆம் நாள், மரித்த விசுவாசிகளின் பூசைக்குப் பெயர் கொடுக்கும் தாளில், பூட்டன் பூட்டி பெயர்களுக்கு மேலே அந்தப் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதியாயிற்று.