ஒலிச் சாதனங்களின் சுங்க வகைப்படுத்தல்

இறக்குமதியாகும் ஹெட்போன், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், ரேடியோ போன்றவை சுங்கக் கட்டண அட்டவணையின் எந்த எண்ணில் அடங்கும் என்று தீர்மானிப்பதே ஒலிச் சாதனங்களின் சுங்க வகைப்படுத்தல். வரி விகிதம், சலுகை, தடை ஆகிய எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவை. கடையில் ஒரே அலமாரியில் தொங்கும் இரண்டு இயர்போன்களுக்கு அட்டவணையில் வெவ்வேறு இடம் கிடைக்கலாம். ஆகவே சரக்கு கப்பலேறிய பிறகு எண் தேடுவது ஆபத்தான வழக்கம்.

பிரஸ்ஸல்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் ஒத்திசைவு முறையே இந்த எண்களின் அடிப்படை. வணிகர்கள் ‘எச்.எஸ். கோட்’ என்பது இதைத்தான். இதற்கான உடன்படிக்கை 1983இல் உருவாகி 1988 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் ஒன்றே. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப நீட்டிக்கொள்கிறது. 1975ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி இந்தியாவில் எட்டு இலக்கங்கள், அமெரிக்காவில் பத்து. ஒலிச் சாதனங்களுக்குச் சுங்கவரியே விதிக்காத சிங்கப்பூரிலும் இறக்குமதி அனுமதிக்கு இந்த எண் வேண்டும்.

85ஆம் அத்தியாயம்

ஒலிச் சாதனங்களில் பெரும்பாலானவை மின் சாதனங்களுக்கான 85ஆம் அத்தியாயத்தில் உள்ளன. மைக், ஸ்பீக்கர், ஹெட்போன், ஆம்ப்ளிஃபையர் நான்கும் 8518 என்னும் தலைப்பில் வரும். அதற்குள் ஸ்பீக்கர்களைப் பிரிக்கும் அளவுகோல் விலையோ வாட் அளவோ அல்ல, கூடு. கூட்டுக்குள் ஒற்றை ஸ்பீக்கர் இருந்தால் 8518.21, ஒரே கூட்டில் பல இருந்தால் 8518.22, கூடு இல்லாத வெறும் ஸ்பீக்கர் 8518.29. சவுண்ட்பார் வழக்கமாக இரண்டாவதில் சேர்கிறது. ஹெட்போனும் இயர்போனும், மைக் இணைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், 8518.30.

ஒலியைப் பதிவு செய்யும், மீட்டு ஒலிக்கும் கருவிகளுக்கு 8519. வானொலி வாங்கிகளுக்கு 8527. இசைத்தட்டுகளும் பிற பதிவு ஊடகங்களும் 8523. எலெக்ட்ரிக் கிட்டார் 92ஆம் அத்தியாயத்தின் இசைக்கருவி. ஆனால் தனிப் பெட்டியாக வரும் அதன் ஆம்ப்ளிஃபையரை அந்த அத்தியாயத்தின் முதல் குறிப்பே விலக்குவதால் அது 8518க்குத் திரும்புகிறது. இரண்டையும் ஒரே இன்வாய்ஸில் ‘கிட்டார் சாமான்’ என்று எழுதி அனுப்பும் விற்பனையாளர் இறக்குமதியாளரைத்தான் சிக்கலில் மாட்டிவிடுகிறார்.

காது கேளாமைக்கான கருவி 9021.40. செவித்திறன் குறைபாட்டை ஈடுசெய்யும் சாதனங்களுக்கு மட்டுமே அந்த இடம். பேச்சைச் சற்று உரக்கக் கேட்க உதவும் சாதாரண இயர்போன், பெட்டியில் எப்படி விளம்பரப்படுத்தப்பட்டிருந்தாலும் அதற்குள் நுழையாது.

புளூடூத்தும் முதன்மைப் பணியும்

கம்பியில்லாச் சாதனங்கள் வந்தபின் 8518க்கும் 8517க்கும் இடையே எல்லைச் சண்டை தொடங்கியது. குரலையும் தரவையும் அனுப்பும், பெறும் கருவிகளுக்கான துணைத்தலைப்பு 8517.62. அமெரிக்கச் சுங்கத் துறை புளூடூத் ஹெட்போன்களை அதில் வைத்து வந்திருக்கிறது, கம்பியுள்ளவை 8518.30இல் நிற்கின்றன. இதன் பணமதிப்பு 2025 ஏப்ரலில் தெரிந்தது. அமெரிக்கா தன் புதிய ‘பதிலடி’ வரிகளிலிருந்து சில மின்னணுப் பொருள்களுக்கு விலக்கு அளித்தபோது பட்டியலில் 8517.62 இருந்தது, 8518.30 இல்லை.

பல வேலை செய்யும் பெட்டிகள் இன்னும் சிக்கலானவை. புளூடூத், எஃப்.எம்., பென்டிரைவ் மூன்றும் கொண்ட ஸ்பீக்கரை 8518, 8519, 8527 ஆகிய மூன்று தலைப்புகளுமே உரிமை கொண்டாடலாம். அட்டவணையின் 16ஆம் பகுதிக்கான மூன்றாம் குறிப்பு, முதன்மைப் பணி எதுவோ அதன்படி வகைப்படுத்தச் சொல்கிறது. முதன்மைப் பணி எது என்று தீர்மானிக்க முடியாவிட்டால், பொது விதி 3(இ)இன்படி எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு வெல்லும். இங்கே அது 8527. ஸ்மார்ட் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பது முதன்மையா, இணையத்தோடு பேசுவது முதன்மையா என்பதும் இதே வகைக் கேள்விதான். இதற்கு விளம்பரத்தாளை நம்பக்கூடாது. சர்க்யூட் வரைபடம், தொழில்நுட்ப விவரத்தாள், ரேடியோ ட்யூனர் உண்டா என்ற தகவல், ஒரு மாதிரிப் பொருள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்வதே சரியான முறை.

உதிரிப்பாகங்களிலும் பலர் தவறுகிறார்கள். தனக்கென்று தலைப்பு உள்ள பொருள், உதிரியாக வந்தாலும் அங்கேதான் போகும்: லித்தியம்-அயன் பேட்டரி 8507.60, சார்ஜர் 8504.40, முனை பொருத்திய கேபிள் 8544.42. ஸ்பீக்கரின் கூம்புத்தாள், வாய்ஸ் காயில் போன்றவைதான் 8518.90.

இந்திய நடைமுறை

2011 முதல் சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சுயமதிப்பீட்டை நிறுவியிருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரியில் எண்ணை நிரப்புபவர் சுங்கத் தரகராக இருந்தாலும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. குறைந்த வரி கட்டியது பின்னர் தெரிந்தால் இரண்டு ஆண்டுகள் வரையிலும், வேண்டுமென்றே மறைத்ததாகக் கண்டால் ஐந்து ஆண்டுகள் வரையிலும் பின்னோக்கிக் கேட்கலாம், வட்டியும் உண்டு.

அடிப்படைச் சுங்கவரி 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்ச் சரக்குக்கு வரி 20, அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி 2, மொத்தம் 122க்கு 18 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. 21.96. பதிவுபெற்ற வணிகர் இந்தக் கடைசித் தொகையை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுக்கலாம். முந்தைய 22 ரூபாய் அடக்கவிலையில் ஏறிவிடும். எண் மாறினால் மாறுவது அந்த 22தான்.

ஐயம் இருந்தால், டெல்லியிலும் மும்பையிலும் இயங்கும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் 10,000 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்பது சட்டம். சிறு இறக்குமதியாளர்கள் இந்த வழியைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். தொடர்ந்து ஒரே மாடலைத் தருவிப்பவருக்கு அந்தக் கட்டணம் மிகச் சிறிய செலவு. தீர்ப்பு விண்ணப்பித்தவரையும் சுங்க அதிகாரிகளையும் மட்டுமே கட்டுப்படுத்தும், பக்கத்துக் கடைக்காரருக்குச் செல்லாது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். அதற்குள் சட்டமோ பொருளின் அமைப்போ மாறினால் முன்பே காலாவதியாகும். அப்படி ஒரு மாற்றம் காத்திருக்கிறது: ஒத்திசைவு முறையின் அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது.