மலேசியா: குடியேற்றமும் இன அடையாளமும் ஏற்றத்தாழ்வும்

மலாய்த் தீபகற்பத்தில் குடியேற்றம், இன அடையாளம், பொருளாதார ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஒன்றோடொன்று பிணைந்து வளர்ந்தவை. பிரித்தானிய ஆட்சி தொழிலாளர் தேவைக்காகத் திரட்டிய மக்களைக் கணக்கெடுப்பின் வசதிக்காகச் சில பெருந்தொகுதிகளாகப் பிரித்தது. விடுதலைக்குப் பின் அத்தொகுதிகளே கட்சிகளுக்கும் குடியுரிமைக்கும் வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கும் அடிப்படையாயின. இந்நாட்டில் ஒருவர் வந்தேறியா மண்ணின் மைந்தரா என்பதை அவர் முன்னோர் வந்த காலத்தைவிட, அவர் எந்தத் தொகுதியில் எழுதப்பட்டார் என்பதே பெரிதும் முடிவுசெய்தது.

குடியேற்றத்தின் தொடக்கம்

மலாக்காச் சுல்தானகத்தின் காலத்திலேயே தமிழ் வணிகர் அத்துறைமுகத்தில் குடியேறியிருந்தனர். அவர்கள் வழிவந்த மலாக்காச் செட்டிகள் மலாய் மொழி பேசி, மலாய் உடையணிந்து, சைவ வழிபாட்டைக் கைவிடாது வாழ்பவர்கள். இத்தகைய பழைய கலப்புச் சமூகங்கள் அளவில் சிறியவை. பெருந்திரளான வருகை காலனிய ஆட்சியோடு வந்தது. பினாங்கு 1786இலும் சிங்கப்பூர் 1819இலும் பிரித்தானியரிடம் சென்றன. பேராக்கின் லாருட் பகுதியில் ஈயம் தோண்ட வந்த சீனர், கீ ஹின், ஹாய் சான் என்னும் குழுக்களாகப் பிரிந்து மோதினர். அம்மோதலும் பேராக் அரியணைக்கான போட்டியும் காரணம் காட்டப்பட்டு, 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கை வழியே பிரித்தானியத் தலையீடு மலாய் அரசுகளுக்குள் நுழைந்தது.

ஈயத்துக்குச் சீனர் என்றால் ரப்பருக்குத் தென்னிந்தியர் என்ற நிலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று. முன்பணத்துக்குக் குறிப்பிட்ட காலம் கட்டுப்பட்டு உழைக்கும் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வர, அதன் இடத்தைக் கங்காணி முறை பிடித்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே நிர்வாகத்தின் உரிமத்தோடு சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் நாகப்பட்டினம் வழியே கப்பலேற்றி அழைத்துவருவது இதன் நடைமுறை. வந்தவருக்குக் கங்காணி ஒரே நேரத்தில் சொந்தக்காரராகவும் மேலாளாகவும் பல வேளைகளில் கடன் கொடுத்தவராகவும் இருந்தமையால், கூலியைப் பற்றி வாய் திறப்பது கடினமாயிற்று. பயணச் செலவை ஏற்க, தோட்ட முதலாளிகளிடம் தண்டப்பட்ட தொகையில் 1907இல் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. திறன்சாராத் தொழிலாளர் உதவி பெற்று வெளியேறுவதை இந்திய அரசு 1938இல் தடைசெய்ததும் இவ்வரவு நின்றது.

கணக்கெடுப்பும் அடையாளமும்

1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மக்களைச் சீனர், மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற மக்களும், தமிழரும் இந்தியாவின் பிற மக்களும் என்று வகுத்தது. இவ்வகைப்பாட்டின் விளைவை 1931ஆம் ஆண்டுக் கணக்கில் தெளிவாகக் காணலாம். சிங்கப்பூர் உட்பட்ட மலாயாவின் மக்கள்தொகை அப்போது ஏறக்குறைய 44 லட்சம். அதில் சீனர் 39 விழுக்காடு, இந்தியர் 14 விழுக்காடு. ஜாவா, சுமத்திரா, போர்னியோ முதலிய தீவுகளிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து எண்ணினால் மலாய்த் தொகுதி சீனரைவிடப் பெரிது. அத்தீவினரை விலக்கினால் சிறிது. நாட்டின் பெரும்பான்மையர் யார் என்பதே வகைப்பாட்டைச் சார்ந்திருந்தது. அத்தீவு மக்களின் பிள்ளைகள் காலப்போக்கில் மலாய்க்காரராயினர். நூற்றாண்டுகளுக்கு முன் வந்து மலாய் மொழியையே தாய்மொழியாகக் கொண்ட மலாக்காச் செட்டிகளோ இந்தியராகவே எண்ணப்பட்டனர்.

இந்தியர் என்ற தொகுதியும் ஒரே தன்மையது அன்று. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படித்தவர்கள் கிராணிகளாகவும், அதாவது எழுத்தர்களாகவும், ரயில்வே ஊழியராகவும் அமர்ந்தனர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்தினர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் இவ்வடுக்குகளைப் புலப்படுத்தியது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியைக் கேட்டவர்கள், வெள்ளை மேலாளரான துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கோரினர். அரசு படையை இறக்கி அதை அடக்கியது.

இனத்துக்கு ஒரு தொழில், ஒரு குடியிருப்பு, ஒரு பள்ளி என அமைந்து, சந்தையில் மட்டும் மக்கள் சந்திக்கும் இத்தகைய சமூகத்தை, பர்மாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் ஆராய்ந்த ஜே. எஸ். ஃபர்னிவால் பன்மைச் சமூகம் என்று அழைத்தார். மலாயாவில் 1913ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் மலாய் உழவரின் நிலத்தைக் காத்ததோடு, அவர்களை நெல்வயலோடு பிணைத்தும் வைத்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோ பிள்ளைகளை அதே தோட்டத்து வேலைக்கு அப்பால் கொண்டுசெல்லவில்லை.

குடியுரிமையும் விடுதலையும்

1946இல் அறிவிக்கப்பட்ட மலாயன் யூனியன் திட்டம் பிற இனத்தாருக்குத் தாராளமாகக் குடியுரிமை வழங்க முன்வந்தபோது, மலாய்க்காரரின் எதிர்ப்பிலிருந்து அம்னோ கட்சி பிறந்தது. அதே ஆண்டில் மலாயா இந்தியர் காங்கிரசும் 1949இல் மலாயாச் சீனர் சங்கமும் தோன்றின. 1957 ஆகஸ்ட் 31 அன்று நாடு விடுதலை பெற்றபோது, குடியுரிமையை விரிவாக்குவதும் மலாய்க்காரரின் தனிநிலையை ஏற்பதும் ஒன்றுக்கொன்று ஈடாக அமைந்தன. அரசமைப்பின் 153ஆம் பிரிவு அரசுப்பணி, உதவித்தொகை, உரிமங்கள் ஆகியவற்றில் மலாய்க்காரருக்கு ஒதுக்கீடு செய்ய வழிவகுத்தது; 160ஆம் பிரிவு இசுலாத்தைத் தழுவி, மலாய் மொழியை வழக்கமாகப் பேசி, மலாய் மரபைப் பின்பற்றுவோரை மலாய்க்காரர் என வரையறுத்தது.

விடுதலைக்கு முன் பிறந்த தோட்ட மக்களில் பலர் உரிய காலத்தில் விண்ணப்பிக்காமையால், குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இன்றி நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அட்டையோடு தங்கிவிட்டனர். 1969இல் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, பல்லாயிரம் பேர் தமிழகம் திரும்பினர்.

புதிய பொருளாதாரக் கொள்கை

1969 மே 13 அன்று கோலாலம்பூரில் மூண்ட இனக்கலவரத்தில் அரசுக் கணக்குப்படி 196 பேர் இறந்தனர். அதன் விளைவாக 1971இல் வகுக்கப்பட்ட புதிய பொருளாதாரக் கொள்கை, இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது, இனத்துக்கும் தொழிலுக்கும் உள்ள பிணைப்பை அறுப்பது என இரு நோக்கங்களைக் கொண்டிருந்தது. 1970இல் நிறுவனப் பங்குகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவரிடம் இருக்க, மண்ணின் மைந்தர் எனப் பொருள்படும் பூமிபுத்ராக்களின் பங்கு 2.4 விழுக்காடே. இதை 1990க்குள் 30 விழுக்காடாக உயர்த்துவது இலக்கு. தீபகற்பத்தில் வறுமை 49 விழுக்காட்டிலிருந்து 1990க்குள் ஏறக்குறைய 15 விழுக்காடாகக் குறைந்தது; மலாய் நடுத்தர வகுப்பு ஒன்றும் உருவானது. பங்கு இலக்கு எட்டப்படவில்லை.

இனவாரிச் சராசரியைக் கொண்டு அளந்ததில் ஒவ்வோர் இனத்துக்குள்ளும் இருந்த ஏழை பணக்கார இடைவெளி பின்னுக்குத் தள்ளப்பட்டது. பூமிபுத்ரா என்ற தலைப்பில் அடங்கிய, மலாயாவோடு பின்னர் இணைந்து மலேசியாவான சபா, சரவாக்கின் பழங்குடியினருக்கும், தீபகற்பத்தின் பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்களுக்கும் பயன் சீராகச் சென்று சேரவில்லை. இந்திய மருத்துவர், வழக்கறிஞரின் வருவாய் தோட்டத் தொழிலாளரின் வறுமையை மறைத்தது. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்ற தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள, மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றித் தொழிலாளரின் சேமிப்பில் தோட்டங்களை வாங்கியது. ஆயினும் பிற்காலத்தில் ரப்பர் செம்பனைக்கு இடம்விட, பல தோட்டங்கள் வீட்டுமனைகளாக, வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தவர்கள் நகர விளிம்புகளுக்குப் பெயர்ந்தனர். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்து உரிமைகளுக்கான செயற்படையான இண்ட்ராப் அமைப்பு நடத்திய பேரணி இத்தலைமுறையின் மனக்குறையை நாடறியச் செய்தது.

இன்றைய நிலை

1970களின் பிற்பகுதி முதல் தோட்டங்களுக்கும் கட்டுமானத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இந்தோனேசியா, வங்கதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து ஆட்கள் வருகின்றனர். இவர்கள் புள்ளிவிவரங்களில் குடிமக்கள் அல்லாதோர் என்ற தனிப்பத்தியில் நிற்கின்றனர். 1931இல் ஜாவாவிலிருந்து வந்தவர் மலாய்த் தொகுதியில் எண்ணப்பட்டார். இன்று அதே தீவிலிருந்து செம்பனைக் குலை அறுக்க வருபவர், முதலாளியின் பெயரோடு பிணைந்த தற்காலிக உரிமத்தில் தங்கி, அது முடிந்ததும் திரும்ப வேண்டியவராக இருக்கிறார்.