கிடைக்காத பாட்டுக்கு ஏன் இந்த மவுசு?

ஹிப்ஹொப் கேட்கிற ஆக்களுக்கு ஒரு வியாதி இருக்கு. வெளிவந்த ஆல்பத்தை விட வெளிவராத ஆல்பத்தைத்தான் அதிகம் தேடுவார்கள். ஸ்டூடியோவிலிருந்து கசிந்த டெமோ, கம்பனி வாங்கிப் பூட்டி வைத்த பாட்டு, செத்துப்போன ஒருவருடைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பீட் என்று தேட்டம் முடியவே முடியாது. நானும் அந்தக் கூட்டம்தான். ஆனா கொம்பனித்தெருவில இருந்துகொண்டு யோசிக்கும்போது, அமெரிக்காவில் 'தொலைந்த பாட்டு' என்று சொல்வதும் நாங்கள் சொல்வதும் ஒரே விசயமில்லை என்று படுகிறது.

இந்தத் தேட்டம் ஹிப்ஹொப்புக்குப் பிறவிக் குணம். 1973 ஆகஸ்ட் 11, நியூயோர்க்கின் பிரொங்ஸில் டிஜே கூல் ஹேர்க் வாசித்த பார்ட்டியைத்தான் இதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அவர் செய்தது, பழைய இசைத்தட்டுகளில் பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கிற துண்டைப் பிடித்து நீட்டியது. அது எந்தத் தட்டு என்று போட்டிக்காரர் கண்டுபிடிக்கக்கூடாது என்று லேபிளைத் தண்ணியில ஊறவைத்து உரித்துவிடுவாராம். கண்டுபிடிக்கிறதும் ஒளிக்கிறதும் முதல் நாளிலிருந்தே சேர்ந்துதான் வந்திருக்கு.

பூட்டி வைத்த பாட்டுக்கு நல்ல உதாரணம் கேஎம்டி. டானியல் டூமிலே, அவருடைய தம்பி சப்ரொக் இருவரும் இருந்த குழு. 1993இல் இரண்டாவது ஆல்பம் 'பிளாக் பாஸ்டர்ட்ஸ்' முடிகிற நேரத்தில் தம்பி கார் மோதி இறந்துபோனார். அண்ணன் தனியாக வேலையை முடித்துக் கொடுத்தார். கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டுகிற பழைய கேலிச்சித்திர உருவம் ஒன்றைத் தூக்கில் தொங்கவிட்டு அட்டைப்படம். அந்தக் கேலியைத்தான் தூக்கிலிடுகிறோம் என்பது அதன் அர்த்தம். எலெக்ட்ரா கம்பனி பயந்துவிட்டது. 1994இல் ஆல்பத்தையும் நிறுத்தி, குழுவையும் வெளியே அனுப்பியது. பிறகு பல வருசம் அது கள்ளப் பிரதியாகவே கைமாறியது. முறையாக வெளிவந்தது 2000களின் தொடக்கத்தில். அதற்குள் டூமிலே முகமூடி போட்டு எம்எஃப் டூம் ஆகியிருந்தார். அந்த ஆல்பத்தைக் கேட்கும்போது இறந்த தம்பியின் குரல் இடையில் வருகிறது. அது சும்மா ஒரு அரிய பொருள் இல்லை.

வூ-டாங் கிளான் செய்தது வேற கதை. ஒரே ஒரு பிரதி மட்டும் செய்து 2015இல் ஒரு பணக்காரனுக்கு விற்றார்கள். எனக்கு அந்த விளையாட்டுப் பிடிக்கவில்லை.

இரண்டிலும் பாட்டு எங்கேயோ இருந்தது, சாவி யாரிடமோ இருந்தது. எங்கட கதையில சாவியே இல்லை. கூல் ஹேர்க் தட்டுத் திருப்பிய அதே எழுபதுகளில் இங்கே தமிழ் பொப் கொடிகட்டிப் பறந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி', திருகோணமலை எம்.பி. பரமேஷின் பாடல்கள். பைலாத் தாளம், கித்தார், பேச்சுத் தமிழ். பெரிய ஹிட்டுகள் தப்பிவிட்டன. மற்றவை? 1983 ஜூலையில் எங்கள் பகுதியின் ரியோ தியேட்டர் எரிந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழமை கொழும்பில் எரிந்த வீடுகளுக்குள் இருந்த இசைத்தட்டுகளை யார் எண்ணினார்கள்? 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகளை இடித்தபோது தூக்கிக்கொண்டு ஓடிய சாமான்களில் கசட் பெட்டி எத்தனையாவது இடத்தில் இருந்திருக்கும்? இங்கே ஒரு பாட்டு தொலைவதற்குக் கம்பனி தேவையில்லை, வீடு போனால் போதும்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்பவர் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாகத் திரும்பிப் போனவர். தகப்பனின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே முதல் ஆல்பத்துக்கு வைத்தார். அதில் பாவித்த பிறர் இசைத் துண்டுகளுக்கு அனுமதி வாங்குவது இழுபட்டு, 2004இல் வரவேண்டியது 2005 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அவர் காத்திருக்கவில்லை. அதே குரலை வேறு பீட்களில் போட்டு, டிப்லோவுடன் சேர்ந்து 2004 கடைசியில் ஒரு மிக்ஸ்டேப் விட்டார். அனுமதி எதுவும் வாங்காததால் கடையில் விற்கமுடியாது. கையால் கொடுத்தார்கள், நெட்டில் பரவியது. பாட்டுகளை மைஸ்பேஸிலும் போட்டிருந்தார்.

மைஸ்பேஸ் என்றதும் வயிறு எரிகிறது. 2000களில் இலங்கையில் கிரிஷான் மகேசன், தினேஷ் கனகரத்தினம் போன்றவர்கள் தமிழில் ராப் செய்து பெயர் எடுத்தார்கள். அவர்களைப் பார்த்துத் தொடங்கிய பொடியன்களுக்கு இறுவட்டு போடக் காசில்லை. புளூடூத், மெமரி கார்ட், மைஸ்பேஸ், அவ்வளவுதான். 2015க்கு முன் பதிவேற்றிய பாட்டுகள் சேர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டதாக 2019இல் மைஸ்பேஸ் சொன்னது. ஏறத்தாழ 5 கோடிப் பாட்டுகள். ஆராய்ச்சி ஒன்றுக்காக முன்பே இறக்கி வைத்திருந்த 490,000 பாட்டுகளை மட்டும் இன்டர்நெட் ஆர்கைவ் வெளியிட்டது. நூறில் ஒன்று.

எனக்கு ஒரு மெமரி கார்ட் கிடைத்தது. நொக்கியா போனோடு மாமா வீட்டு லாச்சியில் கிடந்தது. அதில் 'ட்ராக் 07' என்று ஒரு ஃபைல். ஒரு பொடியன் பேரே வாவி நாத்தத்தைப் பற்றி, பாதி தமிழ் பாதி சிங்களத்தில் ராப் செய்கிறான். மைக் மோசம், பின்னால் ஃபேன் சத்தம். நான் நூறு தரம் கேட்டிருப்பேன். பாடியது யார் என்று மாமாவுக்கும் தெரியவில்லை.

யூடியூபில போடு மச்சான் என்கிறார்கள் நண்பர்கள். கேஎம்டியை வெளியே விடாதது கம்பனி, பாடியவர் இல்லை. அதைக் கள்ளமாகக் கேட்டதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை. ஆனா ட்ராக் 07ஐப் பாடிய அண்ணாவுக்கு இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் மறக்க நினைக்கிற பாட்டாகவும் அது இருக்கலாம். அவரைக் கேட்காமல் போடுவதும், கம்பனி கேட்காமல் பூட்டுவதும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிகிறது.

இப்போதைக்கு மூன்று பிரதி எடுத்து மூன்று பேரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். பாட்டின் கடைசியில் ஒருத்தர் "டேய், ரெயின் வருது" என்று கத்துவது கேட்கும். ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடாகத்தான் இருக்கவேண்டும். ஸ்டேஷன் பக்கம் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் சொல்லுங்கள்.