ஓரியல் நிலை: ஒரு பெயரின் வரலாறு

ஒரு கருத்து பிறந்த ஆண்டும் அதற்குப் பெயர் அமைந்த ஆண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. குவாண்டம் இயற்பியலின் ‘ஓரியல் நிலை’ 37 ஆண்டுகள் பெயரின்றி வாழ்ந்தது.

1926இல் ஷ்ரோடிங்கரின் அலை இயக்கவியலைப் படித்த முதுபெரும் அறிஞர் லோரன்ஸ் ஓர் ஐயத்தை எழுப்பினார்: துகளைக் குறிக்கும் அலைப்பொதி காலப்போக்கில் பரவிச் சிதைந்துவிடாதா? அவ்வாண்டிலேயே ஷ்ரோடிங்கர் ஓர் எடுத்துக்காட்டால் விடையளித்தார். சீரிசை அலையியற்றியின் தாழ்நிலைப் பொதியை நடுவிடத்திலிருந்து சற்றுப் பெயர்த்து விட்டால், அது ஊசற்குண்டைப் போல் இருபுறமும் சென்று மீளும்; அதன் அகலம் எக்கணத்திலும் மாறாது. ஆயினும் இது விதியன்று, விதிவிலக்கு என்பதை 1927இல் ஹைசன்பர்க் சுட்டினார். அலையியற்றியின் ஆற்றல் மட்டங்கள் சம இடைவெளியில் அமைந்தவை. ஹைட்ரஜன் அணுவில் அவ்வாறில்லை, எனவே அங்கே பொதி பரவும். அத்துடன் அவ்வெடுத்துக்காட்டு பாடநூல் பயிற்சியாகச் சுருங்கியது.

அதனை மீட்டது ஒளியியல். ஒளியின் ஒவ்வோர் அதிர்வுப்பாங்கும் கணித நோக்கில் ஒரு சீரிசை அலையியற்றியே. ஆகவே, விதிவிலக்கு இங்கே விதியாயிற்று. 1963இல் ராய் கிளாபர் இந்நிலைகளுக்குப் பெயரிட்டு, ஒளியின் குவாண்டம் கோட்பாட்டை அவற்றின்மேல் எழுப்பினார். அதே ஆண்டு ஏப்ரலில் இ. சி. ஜி. சுதர்சனின் சிறு கட்டுரை வெளிவந்தது. கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்னும் ஊரில் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர் அவர். ஒளியின் எந்நிலையையும் ஓரியல் நிலைகளின் எடையிட்ட கூட்டாக எழுதலாம் என்று அவர் நிறுவினார். இதனால் காலமாற்றமும் தெளிவாகிறது: தடையின்றிச் செல்லும் ஒளியில் ஒவ்வோர் ஓரியல் நிலையும் தன் செவ்வியல் பாதையில் சுழல்கிறது, அதற்குரிய எடையும் உடன் செல்கிறது. ஆனால், அவ்வெடை எதிர்க்குறியும் ஏற்கலாம். அவ்விடத்தில் செவ்வியல் விளக்கம் முறிகிறது. புனேயின் ஐயூகா பங்கேற்கும் லைகோ ஆய்வில் இன்று பயன்படும் ‘நெருக்கிய ஒளி’ செவ்வியல் ஒளி அன்று என உரைப்பதற்கும் இவ்வெடையே உரைகல்.

2005ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிளாபருக்குச் சென்றது, சுதர்சனுக்குப் பங்கில்லை. அவர் நோபல் குழுவுக்குத் தம் மறுப்பை எழுதினார். பாடநூல்களோ ‘கிளாபர்–சுதர்சன் உருவகிப்பு’ என இருவரையும் சேர்த்தே வழங்குகின்றன. பரிசு பிரித்ததைக் கலைச்சொல் இணைத்து வைத்திருக்கிறது.

மொழியியல் பயின்றவர்க்கு இது வியப்பன்று: கலைச்சொல்லும் ஓர் ஆவணமே. மாணவ நண்பர்கள் 1963ஆம் ஆண்டின் அவ்விரு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டுகிறேன். எவர் எதைச் சொன்னார் என்பதை விருதுப் பட்டியலிலிருந்து அறிய இயலாது. மூலங்களிலிருந்தே அறிய வேண்டும்.