சேணத்திலிருந்து சைக்கிளுக்கு

1866ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகரிலே குதிரைச் சேணம் முதலிய தோற்பொருள்கள் செய்யும் தொழிலைத் தொடங்கினார் ஜான் போல்ட்பி புரூக்ஸ். 1878இல் அவருடைய குதிரை இறந்தது. வேறு குதிரை வாங்க வசதியின்றி, துவிச்சக்கர வண்டியொன்றை இரவல் பெற்றாராம். அதன் கடினமான இருக்கை அவரைப் படாதபாடு படுத்தியது. 1882இல் தோலிருக்கைக்குக் காப்புரிமை கோரினார்.

இரும்புச் சட்டத்தின் முன்னும் பின்னுமாக இழுத்துக் கட்டிய தடித்த தோல், தூளிபோல் நின்று சுமை தாங்கும். நாளடைவில் எலும்பு அழுந்துமிடம் குழிந்து, ஓட்டுபவரின் உடலுக்கே உரியதாகிவிடும். நிமிர்ந்து ஓட்டுவோருக்கு அகன்றது ஏற்றது. முன்குனிந்து மிதிப்போருக்கு ஒடுங்கியது.

அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலுள்ள கொட்டகலையில் தோலுக்குப் பெரும்பகை தென்மேற்குப் பருவமழையே. நனைந்த தோல்மீது அமர்ந்து நெடுந்தூரம் ஓட்டினால் அது தொய்ந்துவிடும். முன்முனைத் திருகாணியைச் சிறிது முடுக்கலாம். அடுப்பருகே வைத்து உலர்த்தினாலோ தோல் வெடிக்கும்.