வரக்கோப்பியும் வழிநடையும்

தமிழ்த் தொழிலாளர் காப்பியைக் குடித்துப் பழகுவதற்கு முன்பே காப்பிக்காக நடந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைக்குச் சென்றவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியைக் கால்நடையாகவே கடந்தனர். கட்டுச்சோறும் கையரிசியுமே துணை. காலராவாலும் களைப்பாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் வளர்த்த காப்பிச் செடியை 1869இல் இலைத்துரு நோய் பற்றியது. இருபது ஆண்டுகளில் அத்தொழில் வீழ்ந்தது. இலங்கைத் துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து மீண்டும் காப்பி நட்டனர். 1890களின் பிற்பகுதியில் விலை சரியவே, அந்நிலங்களும் ரப்பருக்கு மாறின.

மலாக்காவின் கதை சற்று வேறு. இங்கு முந்திய பெரும்பயிர் மரவள்ளி. டான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வாணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் அசகானிலும் பெருந்தோட்டம் எழுந்தது. காட்டில் காப்பி தோற்றது. லயத்து அடுப்பிலோ நிலைத்துவிட்டது.

அதற்குக் காரணம் மரமே. வெயில் ஏற ஏறப் பால் சுரப்பது குறையும். ஆதலால் இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு நின்று, விடியும்போதே நிரையில் இருந்தாக வேண்டும். சமைத்துண்ண நேரமேது? சீனியிட்ட வரக்கோப்பியே முதல் ஆகாரம். அதன்பின் நானூறு, ஐந்நூறு மரங்கள். மேடும் பள்ளமுமாக நடை. பசியாறுதல் வெட்டு முடிந்த பிறகே.

காப்பியிலுள்ள காஃபீனை ஜெர்மானிய வேதியியலார் ரூங்கெ 1819இல் பிரித்தெடுத்தார். கொட்டையைத் தந்து ஆராயத் தூண்டியவர் மகாகவி கேத்தே! மூளைக்குச் சோர்வை உணர்த்தும் அடினோசின் என்னும் பொருளைக் காஃபீன் தடுக்கிறது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் உட்கொண்டால் நெடுநேர உழைப்பில் தாங்குதிறன் கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெளிந்த உண்மை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது குறைந்தது 180 மில்லிகிராம். சாதாரணக் குவளை ஒன்றில் ஏறக்குறைய 100தான் இருக்கும். உணவாற்றலோ சீனியில் உள்ளதே: இரண்டு தேக்கரண்டிக்கு நாற்பது கலோரிக்கும் குறைவு. களைப்பு மறைந்தது, வயிறு நிறையவில்லை. லேடாங் ஏறும் இளைஞர், காப்பி குடித்ததை எண்ணிச் சோற்றுப் பொட்டலத்தை விட்டுச் சென்றால் அவர்களுக்கும் அதே கணக்குத்தான்.

தோட்டத்து மக்களின் இரத்தசோகைக்கு வரக்கோப்பியைக் குற்றஞ்சாட்டுவாரும் உண்டு. அது முழு நியாயமன்று. 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உணவோடு குடித்த காப்பி இரும்புச்சத்து உட்கிரகிப்பை 39 விழுக்காடு குறைத்தது. உணவுக்கு ஒரு மணி முன்பு குடித்தது குறைக்கவில்லை. உண்டு ஒரு மணி கழித்துக் குடித்ததோ உணவோடு குடித்த அளவுக்கே குறைத்தது. விடியற்காலைக் குவளையைவிடப் பசியாறும்போது குடித்த இரண்டாவது குவளையே ஐயத்துக்குரியது. வெறுங்காலில் ஏறிய கொக்கிப்புழுவும், கீரையும் மீனும் குறைந்த தட்டும் அதனினும் பெரிய காரணங்கள்.