கரையும் ஆணியின் வரலாறு

சென்ற ஆண்டு என் மகன் மாமரத்தினின்றும் வீழ்ந்து முன்கை என்பு இரண்டும் முறியப்பெற்றான். வைத்தியர் உலோகக் கம்பிகளைச் செலுத்தி அவற்றைப் பொருத்தினர். என்பு கூடியபின், அக்கம்பிகளை எடுத்தற்பொருட்டு மறுமுறையும் கத்தி வைக்க நேர்ந்தது. முதன்முறை அழாத சிறுவன் இரண்டாமுறை அழுதான். தன் தொழில் முடிந்தவுடன் தானே கரைந்தொழியும் ஆணி இல்லையோ என்று அன்று எழுந்த ஐயம் நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய ஐயமென்பது பின்னர் நூல்களைத் தேடியபொழுதே விளங்கிற்று.

1878-ஆம் ஆண்டிலேயே ஹியூஸ் என்னும் மருத்துவர் மக்னீசியக் கம்பியாற் குருதிக்குழாய்களைக் கட்டினார். பெல்ஜியம் நாட்டுச் சத்திர வைத்தியராகிய அல்பின் லம்போட் என்பவர் அவ்வுலோகத்தை என்பிற்கும் பயன்படுத்தத் துணிந்தார். 1906-இல், கால் என்பு முறிந்த 17 வயதினன் ஒருவனுக்கு மக்னீசியத் தகடொன்றை எஃகாணிகளால் இறுக்கினார். எட்டே நாளில் தகடு சிதைந்தது. தோலின்கீழ் வாயு திரண்டு, வீக்கமும் நோவும் மிக்கன.

இதற்குக் காரணம் யாது? இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டு நிற்பின் மின்னோட்டம் பிறக்கும். அவற்றுள் வலிகுன்றியது விரைந்து அரிக்கப்படும். எம் பள்ளி விஞ்ஞான ஆசிரியர் எலுமிச்சம்பழத்திற் செம்பையும் துத்தநாகத்தையும் செருகிக் காட்டுவது இதனையே. குருதியும் உப்புநீர்தானே! எஃகின் தொடர்பால் மக்னீசியம் மாய்ந்தது. அவ்வரிப்பிற் பிறந்த ஹைட்ரஜனே அவ்வாயு.

லம்போட் சோர்ந்திலர். தம் மாணாக்கர் ழான் வெர்ப்ரூகுடன் ஆராய்ந்து, எஃகைக் கலவாது மக்னீசியத்தை மட்டுமே கொண்டு சிறுவர் சிலருடைய முழங்கை முறிவுகளைப் பொருத்தினார். என்புகள் நன்கு கூடின. எனினும் அதற்குள் துருவேறா எஃகு வந்துவிட்டது. அது வலியது, நம்பத்தக்கது. வைத்தியர் அதனை விரும்பியதைக் குறைகூறுதல் முறையன்று. மக்னீசியம் பல்லாண்டு மறக்கப்பட்டது.

1984-இல் பின்லாந்து நாட்டு ரொக்கானென், டோர்மலா என்னும் இருவர் முயற்சியால், தானே கரையும் தையல் நூலுக்குரிய பொருளால் ஆணி செய்து கணுக்கால் முறிவுகளிற் பயன்படுத்தினர். பலருக்கு மறுமுறை கத்தி வேண்டப்படவில்லை. சிலருக்கோ சில வாரங்கள் கழித்து அவ்விடம் வீங்கி நீர் கசிந்தது. பொருள் கரையும் விரைவை உடம்பு ஏற்கும் விரைவோடு ஒப்பச் செய்தலே இத்துறையின் முழுத் தொல்லையும் என்னலாம். முந்திக் கரையின் என்பு பிறழும்; பிந்தின் கரைதலாற் பயனென்னை?

அரிப்பை மந்தமாக்கும் வேறு உலோகங்களைச் சிறிதளவு சேர்த்துச் செய்த மக்னீசியத் திருகாணிக்கு 2013-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அது ஜெர்மனியிற் செய்யப்பட்டது. கால்விரல் முதலிய சிற்றென்புகளுக்கு அத்தகையன பயன்படுகின்றன. உடற்பாரம் தாங்கும் தொடையென்பிற்கோ எஃகும் டைட்டேனியமுமே இன்னும் வேண்டப்படுகின்றன.

எடுத்த கம்பிகளை என் மகன் தீப்பெட்டியொன்றில் இட்டு வைத்திருக்கிறான்.